வெட்டிய சேவல் கூவியது

தம்பி,

முட்டைக்கு மேக்கப் போட்ட பெண்ணை நீ பார்த்திருக்கிறாயா? உன் அம்மா நான்தான் அவள். ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகும் வயதில், நான் நடத்தும் பள்ளிக் கேண்டீனின் பின்பக்கம், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டு, கடையில் வாங்கிய பழுப்பு முட்டைகளை வினிகரில் நனைத்த துணியால் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்தேன். பழுப்பு போய், கம்பத்து நாட்டுக்கோழி முட்டையின் மங்கலான வெள்ளை வந்ததும், கோழி எச்சத்தை விரல் நுனியால் திருஷ்டிப் பொட்டுப்போல வைத்து, அது காய்வதற்குள் ஒரு சின்ன இறகையும் ஒட்டினேன். உன் அக்காவின் கல்யாணத்தில் மணப்பெண் அலங்காரத்துக்குக்கூட நான் அவ்வளவு பொறுமை காட்டியதில்லை. அந்த முட்டைகளைத்தான் நீ பிஸ்கட் டின்னில் மரத்தூளுக்கு நடுவே அடுக்கி, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு போனாய். உயிரே இல்லாத முட்டைகளுக்குள் உயிரைத் தேடி ஐந்து மாதம் குனிந்திருந்தாய். கடைசியில் உன் கைதான் ஆகாத கை என்று முடிவுகட்டி வீட்டுக்கு வந்துவிட்டாய். கை நல்ல கைதான், தம்பி. முட்டைதான் பொய். அந்தப் பொய்யைச் சொன்னது நான்.

இதை உன் காதோடு சொல்லியிருக்கலாமே, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்ப வேண்டுமா என்று கேட்பாய். என் வீட்டு முட்டை யுனிவர்சிட்டிக்குப் போகிறது என்று பெம்பான் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தவள் நான். தலைமையாசிரியரிடம் சொன்னேன், மீன்காரரிடம் சொன்னேன், தபால் கொண்டுவந்த மலாய்க்காரப் பையனை நிறுத்திவைத்துச் சொன்னேன். பெருமையை ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டுக் குற்றத்தை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வது நியாயம் ஆகாது. நம் ஊரில் பத்திரிகை வாங்காதவர்களும், வாங்கியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அந்த வேலையை நானே எத்தனை வருடம் செய்திருக்கிறேன்!

போன மாதம் உன் அக்காவின் குழந்தைக்கு முப்பதாம் நாள் வந்தது, முப்பது கும்பிட்டோம். தொட்டில் கட்டி, பூச்சுற்றி, எல்லாம் தயாராக இருந்தது. தாய்மாமன்தான் குழந்தையைத் தொட்டிலில் போட வேண்டும். நீயோ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளியில் தண்டனை வாங்கியவன் மாதிரி சுவரோரமாக நின்றாய்.

"வாடா, மாமன் வந்து போடணும்லா," என்றாள் அக்கா.

"வேணாம்க்கா. என் கை பட்ட முட்டையே ஒண்ணும் தேறல. பிள்ளைக்கு எதுக்கு இந்த ரிஸ்க்கு?"

வந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். சிரித்துக்கொண்டே அடுப்பங்கரைக்குப் போய், கழுவி வைத்திருந்த குண்டானை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தேன். உனக்கு நிச்சயித்திருக்கும் வாணி பின்னாலேயே வந்தாள். நியாலாஸ் ஊர்க்காரப் பெண்கள் மெதுவாகப் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். இவள் மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஆணி.

"அத்தை, அவங்க சிரிப்புக்குச் சொல்லல. நமக்குப் பிள்ளை பொறந்தாலும் நீதான் தூக்கணும், கொஞ்சம் வளர்ந்தப்புறம்தான் நான் தொடுவேன்னு எங்கிட்டச் சொல்லியிருக்காங்க."

அதோடு விடவில்லை. உன் பழைய பேராசிரியை உனக்குக் கடிதம் எழுதியிருப்பதையும், 'விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்குகிறாயா, இடம் இருக்கிறது, மாத முடிவுக்குள் சொல்' என்று கேட்டிருப்பதையும், வரவில்லை என்று நீ பதில் எழுதி ஒட்டி வைத்திருப்பதையும் அவள்தான் சொன்னாள். அந்த உறையை நீ இன்னும் தபாலில் போடவில்லையாம். அது போய்ச் சேருவதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான், சம்பலைக்கூட இன்று உன் அப்பாவைக் கிண்டச் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆதியிலிருந்து வருகிறேன். நீ எஸ்.ஆர்.பி. எழுதியபோது முனியாண்டிக்கு ஒரு சேவல். எஸ்.பி.எம்.முக்கு ஒன்று. எஸ்.டி.பி.எம்.முக்கு ஒன்று, அது கொஞ்சம் பெரியது, பரீட்சை கஷ்டம் என்று சொன்னார்கள். உன் படிப்புக்கு அதிகம் பாடுபட்டது ஆசிரியர்களா சேவல்களா என்று யாராவது கேட்டால் நான் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். நீ பட்டம் வாங்கி வந்த அன்று, நான் கோழிக்கூட்டுப் பக்கம் பார்த்த பார்வையை நீ கண்டுகொண்டுவிட்டாய்.

"ம்மா, பரீட்சை எழுதறது நானு. கோழி எதுக்குச் சாகணும்? இனிமே என் பேரைச் சொல்லி எதையும் வெட்டாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

"சரிலா, சத்தியம்."

"தலையில அடிச்சுப் பண்ணுங்க."

உன் தலையில் அடித்தே செய்தேன். என் கை உன் தலையில் இருந்த அந்த நிமிஷமே, மனசு முனியாண்டியிடம் அடுத்த பேரம் பேசிக்கொண்டிருந்தது: பையனின் ஆராய்ச்சி நல்லபடியாகத் தொடங்கினால் வீட்டில் வளர்ந்த செவலைச் சேவல் உனக்கு, சாமி. கல்யாணம் ஆகப்போகிறவனே, இதை ஞாபகம் வைத்துக்கொள். சத்தியம் செய்கிறவரின் கையைப் பார்க்காதே, கண்ணைப் பார். என் கண் அன்று கூட்டுப் பக்கம்தான் இருந்தது.

அந்த ஆராய்ச்சி என்னவென்று நீ எனக்கு விளக்கியது கேண்டீனில். விடியற்காலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தோம். நீ பேப்பரின் மேல் வாழையிலையை வைத்துக் கொடுக்க, நான் சோறு வைத்துச் சம்பல் ஊற்றினேன். புரதம் என்றாய். முட்டையில் இருக்குமே, அதுதானே என்றேன். "அது சாப்பிடற புரதம்மா. இது கட்டடம் கட்டற புரதம்," என்றாய். பிறகு கையிலிருந்த இலையைத் தூக்கிக் காட்டினாய்.

"இந்த இலை இல்லாம நேரா பேப்பர்லயே சோத்த வெச்சா என்ன ஆகும்?"

"மை ஒட்டும். எண்ணெய் ஊறிக் கிழியும். சம்பல் டீச்சரம்மா கைப்பைக்குள்ள எறங்கும். அவங்க எங்கிட்ட ஏறுவாங்க."

"அதேதான்! கருவுலயும் செல்லெல்லாம் அடுக்கடுக்கா இருக்கும்மா. அடுக்குக்கு அடியில ரொம்ப மெல்லிசா ஒரு படலம் ஓடும், அடித்தளப் படலம்னு பேரு. அதை விரிக்கிறதே இந்தப் புரதம்தான். லாமினின். இருதயம் வர்றதுக்கு முன்னாடி, முதுகுத்தண்டு வர்றதுக்கு முன்னாடி, இது வந்துடும். இதைத் தொட்டுப் பார்த்துத்தான் ஒரு செல்லுக்கு எது மேல, எது கீழன்னே தெரியும்."

"அப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்கப்பாவுக்கு ஒரு ஊசி போட்டு விடு. அவருக்கும் எது கட்டில், எது தரைன்னு தெரியறதில்ல."

நீ சிரித்தாய். சிரிப்பு அடங்கியதும், அந்தப் புரதம் மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு சிலுவை வடிவில் நிற்கும் என்று விரலால் காட்டினாய். மூணு பிரி பின்னல் என்று சொல்லேன், அதை உன் அக்காவுக்குப் பத்து வருஷம் போட்டவள் நான் என்றேன். அப்போது நீ சொன்ன ஒன்றுதான் இன்றுவரை எனக்குள் கிடக்கிறது. சில செல்கள் பிறந்த இடத்திலேயே இருக்காதாம். கருவின் முதுகுப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, சில முகத்துக்குப் போகுமாம், சில நரம்பாகுமாம், சில தோலுக்கு நிறம் கொடுக்குமாம். போகிற வழியெல்லாம் இந்தப் படலத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்குமாம். "அந்தப் படலம், அந்தப் பாய் இல்லேன்னா?" என்று கேட்டேன். "போகணும்னு தெரியும்மா, போக வழி தெரியாது. நின்னுடும்," என்றாய்.

பத்திரிகையில் இந்த மாதிரிக் கடிதம் எழுதும் அம்மாக்கள், 'நான்தான் உனக்குப் பாயாக இருந்தேன்' என்று இந்த இடத்தில் ஒரு வரி போடுவார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. நீ நடந்துகொண்டிருந்தபோது பாயை இழுத்தவள் நான்.

உனக்குச் சேவலோடு பழகிய கோழியின் முட்டை வேண்டியிருந்தது. பண்ணை முட்டை நேரத்துக்கு வருவதில்லை என்று உன் பேராசிரியை அலுத்துக்கொண்டபோது, "எங்க வீட்டுலயே கோழி இருக்கு, டாக்டர்," என்று நீ சொல்லிவிட்டாய். எட்டுப் பெட்டை, ஒரு செவலை. முதல் தடவை உனக்கு வர நேரமில்லை. நான் முட்டைகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து டின்னில் அடுக்கிக் கொடுக்க, உன் அப்பா கப்சாய் மோட்டார் சைக்கிளில் மலாக்கா பஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், டிரைவர் கையில் ஒப்படைத்துவிட்டு வந்தார். சில நாள் கழித்து நீ போன் செய்தாய். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

"ம்மா! நம்ம முட்டை ஒண்ணுகூட வீணாகல! ஊசியில வெறும் உப்புத் தண்ணி விட்டதெல்லாம் அழகா வளர்ந்திருக்கு. இருதயம் துடிக்குதும்மா, கண்ணால பாக்கலாம்! புரதத்தைத் தடுக்கிற மருந்தை ஊசியில விட்ட முட்டையில மட்டும் கரு கோணலா நிக்குது. நான் நெனைச்ச மாதிரியே!"

நீ நினைத்த மாதிரியே நடந்துவிட்டது. நான் வேண்டிய மாதிரியும் நடந்துவிட்டது. அப்புறம் முனியாண்டியைக் காக்க வைக்கலாமா? அடுத்த வெள்ளிக்கிழமை, செம்பனைக் காட்டு ஓரத்துக் கோயிலில், செவலையின் மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார் பூசாரி. அது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. உத்தரவு கிடைத்துவிட்டது என்றார். உனக்குச் செய்த சத்தியம் அப்போது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. வந்ததை, 'கேட்டால் பார்த்துக்கலாம்' என்று ஓரமாக உட்கார வைத்தேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கும் ஒரு தூக்கு அனுப்பினேன்.

சேவல் இல்லாத முட்டை பொரிக்காது என்று தெரியாத பட்டணத்துக்காரி அல்ல நான். தோட்டத்தில் பிறந்தவள். தெரிந்தேதான் செய்தேன். சேவல் போனாலும் கொஞ்ச நாளைக்குப் பெட்டையிடம் உயிருள்ள முட்டை வரும், அதற்குள் வேறொன்று வாங்கிவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். வாங்கப் போகவில்லை. வாங்கினால் செவலை எங்கே என்று நீ கேட்பாய். வாங்காவிட்டாலும் கேட்பாய் என்பது மரமண்டைக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை நீயே வந்து முட்டை எடுத்துப் போனாய். மத்தியானம் வருவாய், சாப்பிடுவாய், சாயங்கால பஸ்ஸில் போய்விடுவாய். இரண்டாவது டின்னில் ஒன்றும் வளரவில்லை என்றாய். மூன்றாவதிலும் அப்படித்தான். உப்புத் தண்ணீர் விட்டவைகூட வளராதபோது, புரதத்தைத் தடுத்ததால் என்ன ஆயிற்று என்று எதை வைத்துச் சொல்வது? நான்காவது டின்னுக்கு வந்தபோது நீ சாப்பிட உட்காரவில்லை. நேரே கூட்டுக்குப் போய் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"ம்மா, செவலை எங்க? கண்ணுலயே படல?"

"அது என்ன கட்டிப்போட்ட நாயா? செம்பனைக்குள்ள மேயுது."

"டாக்டர் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. சேவல் கூடவேதான் இருக்குதா? அது இல்லேன்னா எல்லாமே வெறும் முட்டைதான், கவலையில்ல. அது இருக்குன்னா, கோளாறு என் ஊசியிலதான்னு அர்த்தம்."

தம்பி, கடவுள் எனக்கு இவ்வளவு தெளிவாக வழி திறந்துவிட்ட நாள் வேறு இல்லை. 'வெட்டிட்டேன்டா' என்று ஒரு சொல். நீ கத்தியிருப்பாய், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாய். உன் ஊசிக்கும் கைக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பாக்கியத்தின் சேவல், மத்தியானம் என்றும் பாராமல், தொண்டை கிழியக் கூவியது.

"அதோ! கேட்டியா? உனக்குத்தான் பதில் சொல்லுது," என்றேன்.

கூவலைக் கேட்டு உன் முகம் தெளியும் என்று பார்த்தேன். தெளியவில்லை. இருந்த கொஞ்சமும் வடிந்துவிட்டது. சேவல் இருக்கிறது என்றால் குறை உன்னிடம் என்று ஆகிவிட்டதே! நான் அதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். புரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு, "சாப்பிட வா, மீன் ஆறுது," என்றேன். முட்டைக்கு மேக்கப் போட்டதுகூட வெட்கக்கேடுதான், வெளியே சொல்லிச் சிரிக்கலாம். இந்த மீன் ஆறியதைச் சொல்லி என்னால் சிரிக்க முடியவில்லை.

மேக்கப் அதற்கு அப்புறம்தான். இன்னும் கூடுதலாக முட்டை வேண்டும், திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறேன் என்றாய். பெட்டைகளில் மூன்று அடைக்கு உட்கார்ந்துவிட்டன. டின் நிறையவில்லை. கேண்டீனிலோ அட்டை அட்டையாக முட்டை. பழுப்பில் சின்னதாகப் பார்த்துப் பொறுக்கினேன், மீதியை மேலே எழுதிவிட்டேன். உன் ஆராய்ச்சிக்கு இதனால் இன்னும் கேடு வருமா என்று நான் யோசிக்கவே இல்லை. எப்படியும் உயிரில்லாத முட்டை, வீட்டில் இட்டதானால் என்ன, கடையில் வாங்கியதானால் என்ன என்பதே என் நியாயம். திருடனுக்கும் உள்ளூர ஒரு நியாயம் இல்லாமலா?

பாக்கியத்திடம் அந்தச் சேவலை ஒரு வாரம் இரவல் கேட்டிருக்கலாம். அதற்கும் என் வாயே குறுக்கே நின்றது. அதற்கு முந்தைய தீபாவளிக்குப் பாக்கியம் கொடுத்த முறுக்கு, கடையில் வாங்கித் தன் கையால் சுட்டதாகச் சொன்ன முறுக்கு என்று நான் தெரு முழுக்கப் பரப்பியிருந்தேன். அவள் பேச்சை நிறுத்தினாள். நான் கோழிகள் அவள் கீரைப் பாத்திக்குப் போகாதபடி வலையை இறுக்கிக் கட்டினேன், அவள் சேவலும் உள்ளே வர வழியில்லாமல் போயிற்று. கடை முறுக்கை வீட்டு முறுக்கு என்றவளை நான் ஊரில் நாறடித்தேன். அடுத்த வருஷமே கடை முட்டைக்கு இறகு ஒட்டினேன். முனியாண்டி சும்மாவா இருப்பார்?

ஐந்தாம் மாதம் நீ இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினாய். உன் பேராசிரியை திட்டவில்லை என்றாய். "சில பேருக்கு இந்தக் கை அமையறதில்ல, அதுல அவமானம் ஒண்ணும் இல்ல" என்று தன்மையாகத்தான் சொன்னார்களாம். திட்டியிருந்தால் நீ சண்டைபோட்டு அங்கேயே இருந்திருப்பாய். தன்மையாகச் சொன்னதை நம்பிவிட்டாய். ஊரெல்லாம் ஆள் குறைக்கும் காலம் அது. எப்படியோ எலக்ட்ரானிக் பேக்டரியில் வேலை கிடைத்தது, நான் அதற்கும் முனியாண்டிக்கு நன்றி சொன்னேன், நல்ல வேளை சூடத்தோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது அரிசியைவிடச் சின்ன பாகங்களைப் பலகையில் பொருத்த, புதிதாக வரும் பெண்களுக்கு நீ கைபிடித்துச் சொல்லிக் கொடுக்கிறாய் என்று வாணி சொல்கிறாள். அந்தக் கைக்கா நடுக்கம்? அந்தக் கையா ஊசி முனையில் கருவைக் கொன்றது? நீ ஏன் ஒரு நாளும் இப்படி யோசிக்கவில்லை? ஏனென்றால் உன் அம்மா சொன்னாள், சேவல் இருக்கிறது என்று. அம்மா சொன்னதைச் சந்தேகப்படுவதைவிட உன் கையைச் சந்தேகப்படுவது உனக்குச் சுலபமாக இருந்தது. இதுதான் என்னைப் படுக்கவிடாமல் குடைகிறது.

இன்னும் சில நாளில் மாப்பிள்ளை ஆகப் போகிறாய், அதனால் அறிவுரை என்று ஏதாவது சொல்லியாக வேண்டும். பொய்யே சொல்லாதே என்று சொன்னால் நம் வீட்டுச் சுவர்கூடச் சிரிக்கும். சொல். வாணி வைக்கும் ரசம் நன்றாக இருக்கிறது என்று தினமும் சொல். ஆனால் உன் பொய்யின் பாரத்தை இன்னொருவர் தன் தப்பு என்று எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வதைப் பார்த்தால், அந்த இடத்திலேயே, மீன் ஆறினாலும் பரவாயில்லை, வாயைத் திறந்துவிடு. ஒரு நாள் தள்ளினால் அடுத்த நாள் சொல்வது இரட்டிப்புக் கஷ்டம். இரண்டு வருஷம் தள்ளினால் என்னைப்போலப் பத்திரிகையில்தான் சொல்ல வேண்டும்.

வெறும் வாயால் அழுதுகொண்டிருக்கவில்லை, ஒன்றிரண்டு காரியமும் செய்திருக்கிறேன். நேற்று பாக்கியம் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே, முறுக்கு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மன்னிப்பெல்லாம் எதுக்குக்கா? அது கடை முறுக்குதான். உள்ள வாங்க."

அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக முடிகிற ஒன்றுக்காக உன் இரண்டு வருஷத்தைக் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று, உன் பேராசிரியைக்கும் எழுதியிருக்கிறேன். நான் தமிழில் எழுத, வாணி அதை இங்கிலீஷில் எழுதினாள். முட்டைக்கு இறகு ஒட்டிய இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அத்தை, இது கட்டாயம் வேணுமா? படிக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?" என்றாள். வேணும் என்றேன். படித்தவர்கள், ஆதாரம் கேட்பார்கள். பையனின் கையில் குறையில்லை, சேவல் உண்டு என்று அவன் சொன்னது நான் சொல்லிக்கொடுத்த பொய் என்று முடித்து, கீழே கையெழுத்தும் போட்டேன். கல்யாணத்துக்கு முன்பே மருமகளுக்கு மாமியாரின் லட்சணம் தெரிந்துவிட்டது. அவளுக்கு அது லாபம்தான்.

நீ அந்த உறையைக் கிழித்துப் போட வேண்டும் என்று கேட்கிறேன். கட்டளை இல்லை, கட்டளையிடும் வாய் எனக்கு இல்லை. போய், நல்ல முட்டையாக, உனக்கு நம்பிக்கையான இடத்தில் நீயே பார்த்து வாங்கி, ஒரே ஒரு தடவை செய்து பார். வளர்ந்தால் அங்கேயே இரு. வளராவிட்டால் திரும்பி வா, உன் கை அப்படித்தான் என்று அப்போது நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முன், இந்த வாரம், அக்கா வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கு. கழுத்துக்கு அடியில் ஒரு கையைக் கொடு, போதும். என்மேல் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் கோபமாக இரு. கல்யாணத்தில் என் காலில் விழ மாட்டேன் என்றாலும் சரி, முதுகுவலி என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். அய்யோ, பார், அடுத்த பொய்யைத் தயார் செய்கிறேன்!

இத்தனையும் எழுதி முடித்து, தபாலில் போடும் முன் உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சம்பல் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கடைசிவரை கேட்டார். அழுவார் என்று நினைத்தேன். தலையைச் சொறிந்தார்.

"அந்த மொத டின்னு இருக்கே..."

"எந்த டின்னு?"

"நான் கொண்டுபோனது. வழியில குழியில விட்டுட்டேன்லா. வண்டியோட விழுந்து மொத்தமும் ஒடைஞ்சுபோச்சு. ரோட்டோரத்துல ஒரு மலாய்க்காரப் பாக்சிக் கம்பத்து முட்டை வித்துக்கிட்டு இருந்தாரு, அவர்கிட்ட வாங்கி அடுக்கி ஏத்தி விட்டேன். உன் வாய்க்குப் பயந்துதான் சொல்லல."

அத்தனையும் வளர்ந்தது, இருதயம் துடித்தது, நான் சேவலை வெட்டி நன்றி சொன்னது, அந்த முதல் டின்னுக்குத்தான், தம்பி. அதில் நம் வீட்டு முட்டை ஒன்றுகூட இல்லை.